டைனஸ்டி ஃபேன்டசி பேஸ்பால்: மைனர் லீக் பையன்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. அலுவலக நண்பர்கள் 12 பேர் ஆடும் டைனஸ்டி லீக்கில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் எடுக்கும் எண்களுக்குப் புள்ளி பெறும் ஆட்டம்; வீரர்களை வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம்) ஒருவர் விலகிவிட்டதால் அவருடைய அணி என் தலையில் விழுந்திருக்கிறது. போன சீசனில் கடைசி இடம். பெரிய லீக்குக்குக் கீழே மைனர் லீக்கில் ஆடும் வீரர்கள் 15 பேரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். முதல் நூறு பிராஸ்பெக்ட் (நாளைய நட்சத்திரம் என்று எதிர்பார்க்கப்படும் பையன்கள்) பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே யார் கிடைக்கிறார்களோ அவர்களை எடுத்துக்கொண்டே போனால் போதுமா? கிரிக்கெட் நன்றாகத் தெரியும், பேஸ்பால் ஓரளவு தெரியும்.

பதில்:

போதாது. ஆனால் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறோம். பதினைந்து வருடமாக இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிற நானும் ஆரம்பத்தில் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன்தான். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு.

2012-ல் ஜூரிக்சன் புரொஃபார் என்ற பையன் உங்கள் ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். கரீபியன் கடலில் குராசாவ் என்ற குட்டித் தீவிலிருந்து வந்தவன். வயது 19. பெரிய லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள அந்த டபுள்-ஏ மட்டத்தில் அவனைச் சுற்றி ஆடியவர்கள் பெரும்பாலும் அவனைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். செப்டம்பரில் ரஃப்ரைடர்ஸின் தாய் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவனை மேலே அழைத்தது. பெரிய லீக்கில் முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). 2013 தொடக்கத்தில் பேஸ்பால் அமெரிக்கா இதழின் பட்டியலில் அவனுக்குத்தான் முதலிடம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவனை வைத்திருந்தவரிடம் பால் கோல்ட்ஷ்மிட் என்ற பேட்டரைக் கொடுத்து அவனை வாங்கினேன்.

கோல்ட்ஷ்மிட் 2009 டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) 8-வது சுற்றில் போனவர். அந்த 2013 சீசனில் அவர் 36 ஹோம் ரன், 125 ஆர்பிஐ (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்), 15 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது). புரொஃபார் 85 ஆட்டத்தில் 6 ஹோம் ரன். அப்புறம் தோள்பட்டைக் காயம் வந்து, 2014, 2015 இரண்டு சீசனிலும் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கோல்ட்ஷ்மிட் 2022-ல் ஆண்டின் மதிப்புமிக்க வீரர் என்ற எம்விபி விருது வாங்கினார். புரொஃபார் முதல் தடவை ஆல்-ஸ்டார் ஆனது 2024-ல், சான் டியேகோ அணிக்காக, 31 வயதில். பட்டியல் பொய் சொல்லவில்லை, பதினோரு வருடம் முன்கூட்டியே சொல்லிவிட்டது, அவ்வளவுதான். அதற்குள் நான் இரண்டு லீக் மாறிவிட்டேன்.

இதில் என் தவறு புரொஃபாரை நம்பியதல்ல. அந்தப் பட்டியல் எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது என்று யோசிக்காததுதான். பேஸ்பால் அமெரிக்கா 1990 முதல் வருடாவருடம் நூறு பேரை வரிசைப்படுத்துகிறது. மற்றவர்களும் போடுகிறார்கள். எல்லாமே உண்மையான அணிக்கு ஒருவன் எவ்வளவு பயன்படுவான் என்ற கணக்கு. ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில்) நின்று பந்தை விடாமல் எடுப்பவனுக்கு அங்கே பெரிய மதிப்பு. உங்கள் ஃபேன்டசி அணிக்கு அதில் ஒரு புள்ளியும் வராது.

இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இது சட்டென்று புரியும். டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளர் 1980-ல் நண்பர்களைச் சேர்த்து முதல் லீக்கை நடத்தினார். நியூயார்க்கில் அவர்கள் கூடிய உணவகத்தின் பெயர் லா ரொட்டிஸரி ஃபிரான்சேஸ். அதனால்தான் இன்றும் இந்த வகை ஆட்டத்துக்கு ரொட்டிஸரி, சுருக்கமாக ரோட்டோ, என்று பெயர். அப்போது இணையம் கிடையாது. செய்தித்தாளில் அச்சாகும் எண்களை வைத்துக் கையால் கூட்ட வேண்டும். ஆகவே எளிதாகக் கிடைக்கும் எட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள்: பேட்டிங் சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ, ஸ்டீல், பிட்சர்களுக்கு (பந்து வீசுபவர்களுக்கு) வெற்றி, சேவ் (கடைசியில் வந்து வெற்றியைக் காப்பது), ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்), விப் (ஓர் இன்னிங்ஸில் சராசரியாக எத்தனை பேரைப் பேஸில் ஏற விட்டார் என்பது). இன்று தொலைக்காட்சி வர்ணனையில் சகஜமாக அடிபடும் விப்பே ஓக்ரென்ட் இந்த ஆட்டத்துக்காக உருவாக்கிய கணக்குதான். பின்னால் ரன்னும் ஸ்டிரைக்-அவுட்டும் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட் ஆவது) சேர்ந்து ஐந்துக்கு ஐந்து ஆனது. ஆட்டத்தைக் கண்டுபிடித்த மனிதர் தன் சொந்த லீக்கில் ஜெயித்ததே இல்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

அந்த எட்டிலும் சரி, பத்திலும் சரி, ஃபீல்டிங் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் பேட்ரிக் பெய்லியைப் பாருங்கள். 2020 டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர், 2024-ல் கேட்சருக்கான (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) கோல்ட் கிளவ் என்ற ஃபீல்டிங் விருது வாங்கியவர். அவர் அணிக்கு அவர் பொக்கிஷம். 12 பேர் லீக்கில் அவரை வைத்திருந்தால் பெஞ்சில் ஓர் இடம் வீண். பொதுவாகவே பிராஸ்பெக்ட் கேட்சர்களைத் தொடாதீர்கள். ஃபீல்டிங்கைக் கற்றுக்கொள்ளவே வருடக்கணக்கு ஆகும், வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு வேறு, ஸ்டீலும் இருக்காது.

ஆகவே முதல் வேலை, வீரர்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் லீக்கின் விதிப்புத்தகத்தை உட்கார்ந்து படிப்பது. சராசரிக்குப் புள்ளியா, இல்லை வாக் (நான்கு கெட்ட பந்தை விட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) சேர்த்த ஓபிபிக்கு, அதாவது பேஸில் ஏறும் விகிதத்துக்கு, புள்ளியா? ரோட்டோவா, வாராவாரம் ஒருவரோடு மோதுவதா? மைனர் லீக் இடத்தில் ஒருவனை எவ்வளவு நாள் வைத்துக்கொள்ளலாம்? பல லீக்குகள் பெரிய லீக்கின் ரூக்கி (அறிமுக வீரர்) வரம்பையே பின்பற்றும்: பேட்டருக்கு 130 அட்-பேட் (வாக் போன்றவை நீங்கலாக மட்டை பிடித்த முறை), பிட்சருக்கு 50 இன்னிங்ஸ். அதைத் தாண்டிவிட்டால் அவனை உங்கள் பிரதான அணிக்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். இது தெரியாமல் ஆகஸ்டில் ஒரு நல்ல பையனை இழந்தவர்கள் என் லீக்கில் மூன்று பேர் இருக்கிறார்கள்.

சரி, இனி பையன்கள்.

ஸ்கவுட்கள் (அணிகளுக்காகத் திறமை தேடுபவர்கள்) பேசும் மொழி 20 முதல் 80 வரையிலான அளவுகோல். 50 என்றால் பெரிய லீக்கின் சராசரி. 60 என்றால் நல்ல கை, 70 அபூர்வம், 80 தலைமுறைக்கு ஒன்றிரண்டு. அடிக்கும் திறன், பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என்று ஐந்துக்கும் தனித்தனியாகப் போடுவார்கள். கடைசி இரண்டையும் நீங்கள் கையால் மறைத்துக்கொண்டு படிக்கலாம். மீதி மூன்றில் பலத்தையும் ஓட்டத்தையும் அளக்கக் கருவி இருக்கிறது. மட்டையில் பட்டு எவ்வளவு வேகத்தில் பந்து கிளம்புகிறது, முதல் பேஸுக்கு எத்தனை நொடியில் ஓடுகிறான் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ‘அடிக்கும் திறன்’ மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்லும் ஜோசியம். அனுபவசாலி ஸ்கவுட்களே அதிகம் வழுக்கி விழுவது அதில்தான்.

அந்த ஜோசியத்தைக் கொஞ்சம் கணக்காக மாற்ற ஒரே ஒரு விஷயம் உதவும்: வயதையும் மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 2021-ல் மைனர் லீக்கைத் திருத்தி அமைத்தபோது 30 அணிகளுக்கும் தலா நான்கு கிளை, மொத்தம் 120 என்று ஆக்கினார்கள். கீழிருந்து சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. அதற்கும் கீழே ஃபுளோரிடா, அரிசோனா, டொமினிகன் குடியரசு ஆகிய இடங்களில் புதுப் பையன்களுக்கான லீக்குகள். 24 வயதுக்காரன் சிங்கிள்-ஏவில் 25 ஹோம் ரன் அடித்தால் அது ஐந்தாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பையன் உட்கார்ந்து முதல் மார்க் வாங்குவது மாதிரி. 19 வயதுக்காரன் டபுள்-ஏவில் அடி வாங்காமல் தாக்குப்பிடித்தாலே போதும், அவனைக் கவனியுங்கள்.

ஹுவான் சோட்டோ இதற்கு நல்ல சாட்சி. 2017-ல் காயங்களால் பாதிக்கு மேல் ஆடவில்லை, அதனால் பட்டியல்களில் உச்சிக்குப் போகவில்லை. 2018-ஐச் சிங்கிள்-ஏவில் தொடங்கினார். அந்த வருடம் மூன்று மட்டத்திலும் சேர்த்து வெறும் 39 ஆட்டம். டபுள்-ஏவில் எட்டே எட்டு. மே 20 அன்று 19 வயதில் வாஷிங்டன் அணியில் இறங்கிவிட்டார். மறுநாள் முதன்முறையாகத் தொடக்க வரிசையில் வந்து, சந்தித்த முதல் பந்திலேயே ஹோம் ரன். அந்த ஏப்ரலில் அவருடைய எண்களில் கண்ணை உறுத்தியது ஹோம் ரன் இல்லை. வாக் எண்ணிக்கைக்கும் ஸ்டிரைக்-அவுட் எண்ணிக்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுதான். பத்தொன்பது வயதில் கெட்ட பந்தை விடத் தெரிந்தவன் கிடைப்பது அரிது. கிரிக்கெட்டில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடுகிற பையனைப் பார்த்தால் நமக்கு ஒரு மரியாதை வருமே, அதேதான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஜோயி காலோ. பத்தொன்பது வயதில் மைனர் லீக்கில் 40 ஹோம் ரன் அடித்தவர். பலத்துக்கு 80 போட ஒருவரும் தயங்கவில்லை. ஆனால் ஸ்டிரைக்-அவுட்கள் தொடக்கத்திலிருந்தே பயமுறுத்தின. பெரிய லீக்கில் 2017-ல் 41, 2018-ல் 40 ஹோம் ரன் அடித்தார், சராசரி 0.209, 0.206. ஓபிபி லீக்கில் இவரை வைத்து ஓட்டலாம். சராசரி லீக்கில் உங்கள் அணியின் காலைப் பிடித்துக் கீழே இழுப்பார். விதிப்புத்தகத்தை முதலில் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். டபுள்-ஏவில் நூறு தடவை மட்டை பிடித்தால் முப்பதுக்கு மேல் ஸ்டிரைக்-அவுட் ஆகிறவனை நான் வாங்குவதில்லை. டபுள்-ஏதான் வடிகட்டி. அங்கே பிட்சர்களுக்கு வளையும் பந்தை வேண்டிய இடத்தில் போடத் தெரியும். வேகப்பந்தை மட்டும் அடித்துப் பெயர் வாங்கியவனின் சாயம் அங்கே வெளுத்துவிடும்.

எண்களைப் பார்க்கும்போது ஊரையும் பாருங்கள். உங்கள் ஃபிரிஸ்கோ ஆடும் டெக்சாஸ் லீக்கிலேயே அமரில்லோ சாட் பூடில்ஸ் இருக்கிறது. மேட்டு நிலம், காற்று, பந்து பறக்கும். டிரிபிள்-ஏவில் ஆல்புகர்க்கி கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல். ரீனோ, லாஸ் வேகஸ் எல்லாம் அதே கதை. அங்கே அடித்த 25 ஹோம் ரன்னையும் ஃபுளோரிடாவின் ஈரக்காற்றில், பெரிய மைதானத்தில் அடித்த 12-ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அமரில்லோவில் ஆடும் பிட்சரின் ஈஆர்ஏ கெட்டிருந்தால் அவனைத் திட்டுவதற்கு முன் வெளியூர் ஆட்டங்களில் எப்படி என்று ஒரு தடவை பாருங்கள்.

பிட்சர்கள் என்றதும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பிட்சிங் பிராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது’ என்பது இந்த வட்டாரத்தில் பழைய வாசகம். மிகைதான், ஆனால் பணம் போட்டவர்களின் அனுபவம் அதில் இருக்கிறது. 1991 டிராஃப்டில் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த பிட்சர் பிரையன் டெய்லருக்கு 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள்பட்டை போனது. பெரிய லீக்கை அவர் பார்க்கவே இல்லை. ஸ்டீவன் ஸ்டிராஸ்பர்க் 2010 ஜூனில் முதல் ஆட்டத்தில் 14 ஸ்டிரைக்-அவுட் எடுத்தார், நாடே பார்த்தது. செப்டம்பரில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதலில் செய்யப்பட்டதால் முழங்கைத் தசைநார் சிகிச்சைக்கு அந்தப் பெயர். செய்துகொண்டால் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு வருடமும் உங்கள் 15 இடங்களில் ஒன்றை அவன் அடைத்துக்கொண்டு இருப்பான்.

பெயரைப் பார்த்ததும் நம் ஆட்கள் எல்லோரும் கேட்கும் குமார் ராக்கரும் இந்தக் கதையில் வருகிறார். அம்மா வழியில் இந்திய வம்சாவளி. அப்பா அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்றவர். 2021-ல் நியூயார்க் மெட்ஸ் அவரை 10-வது ஆளாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போட மறுத்துவிட்டது. அடுத்த வருடம் ரேஞ்சர்ஸ் 3-வது ஆளாக எடுத்தது. 2023-ல் டாமி ஜான். 2024-ல் திரும்பி வந்து உங்கள் ஃபிரிஸ்கோவில் வீசிவிட்டு, செப்டம்பரில் பெரிய லீக் ஏறினார். பாசத்தில் நானும் அவரை இரண்டு லீக்கில் வைத்திருந்தேன். பாசத்தால் புள்ளி ஏறவில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பால் ஸ்கீன்ஸ் 2023-ல் முதல் ஆளாகப் போனார், 2024 மே மாதமே பிட்ஸ்பர்க்கில் இறங்கினார், 133 இன்னிங்ஸில் ஈஆர்ஏ 1.96, ஆண்டின் சிறந்த ரூக்கி. அடுத்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. இப்படி ஒருவரைப் பார்த்துவிட்டு ஒன்பது பேரை வாங்கி வைத்துக்கொண்டு, எட்டு பேருக்கு முழங்கை போய் நிற்பவர்கள் நிறைய. 15 இடத்தில் பிட்சர் மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றும் இந்த வருடமோ அடுத்த வருடமோ மேலே வரப்போகிறவர்களாக இருக்கட்டும்.

இனி, இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவர்களையும் ஆசைப்பட்டுத் தோற்பவர்களையும் பிரிக்கும் இடத்துக்கு வருகிறேன். பிராஸ்பெக்ட் என்பவன் வீரன் மட்டுமல்ல, உங்கள் கையில் இருக்கும் ரொக்கம். அவனுடைய விலை பெரும்பாலும் அவன் பெரிய லீக்கில் ஆடத் தொடங்குவதற்கு முந்தின நாள்தான் உச்சத்தில் இருக்கும். அதுவரை அவன் யாராக வேண்டுமானாலும் ஆகலாம். முதல் பந்தைச் சந்தித்த பிறகு அவன் அவனாக மட்டுமே இருப்பான்.

ஜாசன் டொமிங்கஸை 2019-ல் யாங்கீஸ் 51 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தபோது வயது 16. ‘செவ்வாய்க்கிரகவாசி’ என்று பட்டப்பெயர். அடுத்த வருடம் கோவிட்டால் மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் அவனுடைய படம் போட்ட சேகரிப்பு அட்டைகள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறின. டைனஸ்டி லீக்குகளில் ஆல்-ஸ்டார்களைக் கொடுத்து அவனை வாங்கினார்கள். 2023 செப்டம்பர் 1 அன்று முதல் முறை மட்டை பிடித்தபோதே ஜஸ்டின் வெர்லாண்டர் பந்தில் ஹோம் ரன். எட்டு ஆட்டத்தில் நான்கு. உடனே முழங்கை போனது. நல்ல வீரன்தான். ஆனால் 2020-ல் அவனை விற்றவருக்குக் கிடைத்ததை, அவனை வைத்துக்கொண்டு காத்திருந்தவர் சம்பாதிக்கவில்லை. அவனாவது மேலே வந்தான். 2016-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் 42.5 லட்சம் டாலர் கொடுத்து, அடுத்த மிகெல் கப்ரேரா என்று பேசப்பட்ட கெவின் மைத்தான் பெரிய லீக் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

அதே சமயம் பின்னால் நட்சத்திரங்களானவர்களைப் பாருங்கள்: ஹோசே அல்டூவே 15,000 டாலருக்கு வந்தவர். ஐந்தரை அடி உயரத்தைப் பார்த்து முதல் நாள் திருப்பி அனுப்பியே விட்டார்கள். மறுநாள் மறுபடி வந்து நின்றார். எல்லி டி லா குரூஸ் 65,000. ரொனால்ட் அகூன்யா ஒரு லட்சம். ஹோசே ராமிரெஸ் 50,000. அந்த ராமிரெஸ் 2024-ல் 39 ஹோம் ரன், 41 ஸ்டீல், நாற்பது-நாற்பதுக்கு ஒரே ஒரு ஹோம் ரன் பாக்கி இருந்த நிலையில் கடைசி ஆட்டம் மழையில் போனது. அவரை அணியில் வைத்திருந்த நான் அன்று இரவு சாப்பிடவில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதெல்லாம் பேஸ்பாலில் செல்லாது.

அப்படியானால் எப்போது வாங்குவது? எல்லோரும் சலித்துக்கொள்ளும்போது. மைக் டிரவுட்டை 2011 ஜூலையில் மேலே அழைத்தார்கள். 40 ஆட்டம், சராசரி 0.220. அந்தக் குளிர்காலத்தில் அவரை விற்றவர்கள் இருக்கிறார்கள், இன்னும் அதைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவார்கள். 2012-ல் 0.326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல். விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 2019-ல் பெரும்பாலான பட்டியல்களில் முதலிடத்தோடு வந்தார். முதல் வருடம் 15 ஹோம் ரன்தான். பெரிய ஆட்டக்காரரான அப்பாவின் பெயரைக் கெடுக்கிறான் என்றார்கள். 2021-ல் 48. ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரலில் பால்டிமோரில் இறங்கி 34 முறை அடித்துப் பார்த்து இரண்டே ஹிட், பத்தே ஆட்டத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது 20 வயது. அந்த வாரத்தில் அவருக்கு ஒரு விலை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் கேட்டேன், எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்தவர் விவரமானவர், தரவில்லை. 21, 22 வயதில் ஒரு சீசன் சொதப்பியவனை, காயம் இல்லாத பட்சத்தில், தயங்காமல் கேளுங்கள். 17 வயதுக்காரனுக்குக் கொடுக்கும் விலையில் பாதிக்குக் கிடைப்பான்.

மேலே எப்போது அழைப்பார்கள் என்பதில் ஆட்டத்திறன் மட்டும் இல்லை, கணக்குப்பிள்ளை வேலையும் உண்டு. பெரிய லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சேவை. ஆறு வருடம் முடிந்தால் வீரன் சுதந்திரமாக வேறு அணிக்குப் போகலாம். 2015 வசந்தகாலப் பயிற்சியில் கிரிஸ் பிரையன்ட் ஒன்பது ஹோம் ரன் அடித்தும் சிகாகோ கப்ஸ் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பி, ஏப்ரல் 17-ல்தான் அழைத்தது. அந்த சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அணிக்கு அவர் கூடுதலாக ஒரு வருடம். 2022-ல் அணிகளும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் இதற்கு எதிராக ஓர் ஊக்கம் வைத்திருக்கிறார்கள்: பட்டியலில் இருக்கும் பையனை முதல் நாளிலிருந்தே ஆடவிட்டு அவன் சிறந்த ரூக்கி ஆனால், அணிக்கு டிராஃப்டில் கூடுதலாக ஒரு தேர்வு. ஹூலியோ ரோட்ரிகஸால் சியாட்டிலுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. ஆகவே மார்ச் கடைசியில் எந்தப் பையன் அணியோடு கிளம்புகிறான் என்று செய்தியைப் பாருங்கள். அங்கே ஒரு வாரம் முந்திக்கொண்டால் போதும்.

மைனர் லீக்கைக் கவனிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. பெரிய பேஸ், பிட்சருக்குக் கடிகாரம், பேஸ் பக்கம் திரும்பி எறிய வரம்பு எல்லாவற்றையும் முதலில் அங்கேதான் சோதித்தார்கள். ஸ்டீல்கள் அங்கே எகிறுவதை 2021-லிருந்தே பார்க்க முடிந்தது. 2023-ல் பெரிய லீக்குக்கு அதே விதிகள் வந்தன. 2022-ல் 2,486 ஆக இருந்த ஸ்டீல்கள் ஒரே வருடத்தில் 3,503. அதற்கு முந்தின குளிர்காலத்தில் வேகமான கால்களை மலிவாக வாங்கி வைத்தவர்கள் கொழுத்தார்கள். அரிசோனாவின் கார்பின் கேரல் அந்த வருடம் ரூக்கி, 54 ஸ்டீல். பெரிய லீக்குக்கு அடுத்து என்ன விதி வரப்போகிறது என்று தெரிய வேண்டுமென்றால் டிரிபிள்-ஏ பாருங்கள்.

உங்கள் அணி கடைசி இடம் என்கிறீர்கள். அப்படியானால் இந்த வருடம் ஜெயிக்கப் போராடாதீர்கள். 32 வயதைத் தாண்டிய நல்ல பேட்டர்களை, ஜூன் மாதம் கோப்பை வாசனை பிடித்துத் தவிக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, 20 முதல் 22 வயதுக்குள் டபுள்-ஏ, டிரிபிள்-ஏவில் இருக்கும் பேட்டர்களைக் கேளுங்கள். ஒருவருக்கு ஒருவர் என்று பேசாதீர்கள். இரண்டு பேர் வேண்டும் என்று ஆரம்பித்து ஒன்றரையில் முடியுங்கள். 15 இடங்களில் கடைசி மூன்றை டொமினிகன் லீக் குழந்தைகளுக்கு லாட்டரிச் சீட்டாக ஒதுக்கலாம். அதில் ஒருவன் பெயர் பட்டியலில் ஏறிய உடனே விற்றுவிட வேண்டும் என்ற சத்தியத்தோடு.

அப்புறம், நீங்கள் ஃபிரிஸ்கோவில் இருந்துகொண்டு எண்களை மட்டும் பார்ப்பது கோயில் வாசலில் குடியிருந்துகொண்டு படத்தைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி. ரஃப்ரைடர்ஸ் ஆடும் ரைடர்ஸ் ஃபீல்டுக்குப் போங்கள். பெரிய லீக் டிக்கெட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம், குடும்பத்தோடு போகலாம்; வலது ஃபீல்டுக்குப் பின்னால் குழந்தைகள் மிதந்துகொண்டே ஆட்டம் பார்க்க நீரோடைகூட வைத்திருக்கிறார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய், பேட்டருக்குப் பின்னால் இருக்கும் வரிசையில் உட்காருங்கள். அங்கே வேகம் அளக்கும் கருவியோடு நாலைந்து பேர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் அவர்கள்தான் ஸ்கவுட்கள். பேச்சுக் கொடுக்க வேண்டாம், அவர்கள் எந்தப் பையன் வரும்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பட்டியல் அச்சாவதற்கு ஆறு மாதம் முன்னால் கிடைக்கும் தகவல் அது.

இன்னொன்றும் நேரில் தெரியும். அந்தப் பையன்களுக்கு 2023-ல் தொழிற்சங்க ஒப்பந்தம் வரும்வரை டபுள்-ஏவில் வருடச் சம்பளமே குறைந்தபட்சம் 13,800 டாலர்தான். அதற்குப் பிறகு 30,250. நீங்கள் ‘வாங்கி விற்கும்’ ஆள் பேருந்தில் எட்டு மணி நேரம் வந்து இறங்கி, அன்றே நான்கு ஸ்டிரைக்-அவுட் வாங்குகிறான். ஒரு வாரத்து எண்களைப் பார்த்து அவனைக் கழற்றிவிடும் பழக்கம் எனக்குப் போனது அதைப் பார்த்த பிறகுதான்.

உங்கள் 15 பேர் பெயரையும் லீக் விதிகளையும் எழுதி அனுப்பினால் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்கிறேன். அதில் 35 வயது குளோசர் (கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடிக்கும் பிட்சர்) யாராவது பிரதான அணியில் இருந்தால், எனக்கு எழுதுவதற்கு முன்பே யார் தலையிலாவது கட்டிவிடுங்கள்.